புறக்கோட்டையில் புகைப்படக் கருவியுடன்

கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்கிப் புறக்கோட்டைக்குள் நுழைவோருக்கு வழிகாட்டி தேவையில்லை. காலை 8 மணிக்கு முன் செல்லுதல் நன்று. இளவெயில் சாய்வாக விழும் வேளை அது. இரண்டாம் குறுக்குத் தெருவில், 1909ஆம் ஆண்டு கட்டிமுடிக்கப்பட்ட சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலின் சிவப்பு வெள்ளைக் கோடுகளை யாவரும் படம்பிடிப்பர். பள்ளிவாசல் நாளையும் அங்கேயே நிற்கும். அதன் முன்னே கடந்து செல்லும் மனிதர் நிற்கமாட்டார். அவருக்காகவே நாம் எதிரே ஓரமாகக் காத்திருக்கிறோம். நடப்பவர் உருவம் கலங்காதிருக்க, ஒளிமூடி ஒரு செக்கனின் 250இல் ஒரு பங்கு நேரமே திறந்திருத்தல் வேண்டும்.

மூட்டை சுமக்கும் நாட்டாமைமாரே இத்தெருக்களின் உயிர். ஆயினும் இரு கைகளும் தலைச்சுமையைப் பற்றியிருக்க, முகத்தை மறைத்துக்கொள்ளவும் இயலாத ஒருவரைக் கேளாமற் படம்பிடித்தல் முறையோ? அவர் பாரம் இறக்கும்வரை பொறுத்து, கருவியைக் காட்டிக் கேட்கிறோம். சிலர் மறுப்பர். சிலர் வியர்வையைத் துடைத்து, சட்டையை இழுத்துவிட்டு, விறைப்பாக நிற்பர். அதில் இயல்பு கெட்டுவிடுகிறது என்று கலை வல்லார் குறைகூறுவர். தாம் எவ்வாறு தோன்ற விரும்பினாரோ அவ்வாறே அவர் நிற்கும் அப்படமே எமக்குப் பெரிது.

செட்டியார் தெருவை அடைகையில் நகைக்கடைகள் திறந்துவிடும், வெயிலும் ஏறிவிடும். இனிக் கருவியைப் பையிலிட்டுத் தேநீர் அருந்தலாம்.