கப்பல் டிக்கெட் யார் கையில்?

கொத்தடிமை முறை ஒழிந்துவிட்டது என்கிறார்கள். சட்டப்படி உண்மைதான். 1975 அக்டோபர் 25 முதலே அது ஒழிந்ததாக 1976ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் சாத்தத்திலிருந்து படகேறி, மூட்டையும் கையுமாக நம் பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் இறங்குகிற புதுப் பையனிடம், "ஊருக்கு எப்போது போவாய், தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். "மேஸ்திரி விட்டால் போவேன் அண்ணே" என்பான். இந்த "விட்டால்" என்ற சொல்லைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

திருப்பூரிலோ ஈரோட்டிலோ அகப்பட்டவன் இரவோடிரவாக பஸ் ஏறிவிடலாம். நமக்கு நடுவே இருப்பது மூன்று நாள் கடல்! அட்வான்ஸ் பணத்தை ஊரில் அம்மாவிடம் கொடுத்திருப்பான் மேஸ்திரி. வந்த கப்பல் சார்ஜையும் அவன் பேரிலேயே பற்று எழுதுவான். கடையில் வாங்கிய அரிசி, படுத்த நாட்கள், எல்லாம் அதே நோட்டில் ஏறும். கூலியோ "கணக்கு முடிக்கும்போது". ஆதார் அட்டை "பத்திரமாக" மேஸ்திரியின் பையில். அடையாள அட்டை இல்லாதவனுக்குக் கப்பல் டிக்கெட் கிடைக்காது. பூட்டு எதற்கு, காவலாள் எதற்கு?

இது நமக்குப் புதிதல்ல. இலங்கைத் தோட்டங்களில் நம் முன்னோர் கங்காணியின் கடனில் கட்டுண்டு கிடந்தார்கள். கடன் தொகை எழுதிய "துண்டு" இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தக் கடனை அடைக்கிற தோட்டத்துக்கு ஆளும் போய்ச் சேருவான். 1921இல் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். 1964 ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்ந்த குடும்பங்களின் பெரியவர்களுக்கு இந்தக் கதை பாட்டன் வாய்மொழியாகத் தெரியும். துண்டுக் காகிதம் போய் இன்று ஆதார் அட்டை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கேட்டால் என்ன பதில்? "கான்ட்ராக்டரைக் கேளுங்கள்." கான்ட்ராக்டர் சப்-கான்ட்ராக்டரைக் காட்டுவார், அவர் மேஸ்திரியைக் காட்டுவார், மேஸ்திரி ஊருக்குப் போயிருப்பான். கட்டடம் மட்டும் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்! இந்தத் தீவுகளில் பெரும்பாலும் அது சர்க்காருடையது.

இந்தப் பதில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே சொல்லிவிட்டது. டெல்லி ஆசிய விளையாட்டு மைதான வேலையில், 9 ரூபாய் 25 காசு தினக் கூலியில் ஜமாதார்கள் ஒரு ரூபாயைக் கமிஷனாகப் பிடித்துக்கொண்டார்கள் என்று வழக்கு. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்கும் வேலை, அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்றார் நீதிபதி பகவதி. கான்ட்ராக்டர் பின்னால் அரசு ஒளிந்துகொள்ள முடியாது என்றும் தீர்ப்பாயிற்று. ஒரே ஒரு ரூபாய்! நம் மேஸ்திரிகளின் நோட்டை அந்த நீதிபதி பார்த்திருந்தால்?

வெள்ளைக்காரன் நாட்டில் 2015இல் நவீன அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். பெரிய கம்பெனிகள் தங்கள் சரக்கு வரும் வழியெல்லாம் அடிமை உழைப்பைத் தடுக்க என்ன செய்தோம் என்று ஆண்டுதோறும் அறிக்கை விட வேண்டும். "ஒன்றும் செய்யவில்லை" என்று அறிக்கை விட்டாலும் சட்டம் ஏற்றுக்கொள்ளும்! வேடிக்கையான சட்டம். நமக்கு வேண்டியது அறிக்கை அல்ல, கூலி.

இங்கே நடந்தது என்ன? வெளிமாநிலத் தொழிலாளருக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம் 5 பேர் இருந்தாலே பொருந்தியது. இடம்பெயர்வுப் படியாகப் பாதி மாதச் சம்பளத்தைத் திருப்பித் தரவேண்டாத பணமாகக் கொடுக்கச் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம். இப்போது 10 பேர் வேண்டும், அந்தப் படியும் போயிற்று. ஒன்பது ஒன்பது பேராகக் கணக்குக் காட்ட எந்த மேஸ்திரிக்குத் தெரியாது? ஊர் போய்வரும் செலவு மட்டும் சட்டத்தில் மிச்சமிருக்கிறது. அதையாவது விடக்கூடாது.

ஏன் இப்போது சொல்கிறோம்? பெரிய நிக்கோபாரில், கலதியா விரிகுடாவில் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரம் எல்லாம் எழுப்பப் போகிறார்கள். 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தாயிற்று. அத்தனையையும் கட்ட ஆள் எங்கிருந்து வரும்? நம் ஊர்களிலிருந்தும் வரும். பாம்பூஃப்ளாட்டிலிருந்து தப்புவதே இப்படியென்றால் அங்கிருந்து எப்படி? ஆகவே டெண்டரிலேயே எழுதட்டும்: கூலி நேராகத் தொழிலாளியின் பாங்குக் கணக்கில், திரும்பும் டிக்கெட் பணம் முன்கூட்டியே சர்க்காரிடம் டெபாசிட், அட்டையைப் பிடித்து வைக்கும் கான்ட்ராக்டருக்கு அடுத்த வேலை இல்லை. 1976 சட்டப்படி மாவட்டந்தோறும் இருக்க வேண்டிய கண்காணிப்புக் குழுவில் யார் யார் என்று ஜெட்டியில் பலகை வைக்கட்டும்.

ஊரில் இருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மேஸ்திரி அட்வான்ஸ் கொடுத்தால் தொகை, தேதி, வேலை செய்யும் இடம், கான்ட்ராக்டர் பெயர் எல்லாம் எழுதி வாங்குங்கள். பையனின் ஆதார் நகலை வீட்டில் வையுங்கள். "கடன் இருக்கிறது, விடமாட்டேன்" என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர்தான். அதே 1976 சட்டத்தின் 15ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அந்தக் காகிதத்தோடு கலெக்டரிடம் மனு கொடுங்கள், ஒரு நகலை நம் சங்கத்துக்கு அனுப்புங்கள்.