பட்டம் வந்தது, பாடு தீர்ந்ததா?

கடலூரிலிருந்து அண்ணாமலைப் பல்கலைக் கழகத்துக்குப் பஸ்ஸில் போகும் மாணவன், ஜன்னலோரத்திலேயே நிர்வாகப் பாடம் படித்துவிடலாம். ஊருக்கு வடக்கே தென்பெண்ணை, ஊருக்குள் கெடிலம், சிதம்பரத்தை எட்டுமுன் வெள்ளாறு. மேற்கு ஜில்லாக்களில் பெய்யும் மழை இவ்வழியேதான் கடலைச் சேருகிறது.

1866-ல் நகராட்சியான கடலூர், 2021-ல் மாநகராட்சியாயிற்று. பட்டம் உயர்ந்தது, ஜனங்களின் பாடு குறைந்ததா? 2024 டிசம்பரில், பெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணை நிரம்பியது. திறந்துவிட்ட நீர் தென்பெண்ணை வழியே வந்து கடலூர்ப் பகுதி வீடுகளில் புகுந்தது. அணை இருப்பதோ திருவண்ணாமலை ஜில்லாவில்!

நல்ல நிர்வாகத்துக்கு அடையாளம் பெயர்ப் பலகை அன்று. அணை திறக்கும் செய்தி, தண்ணீருக்கு முன்பாகக் கடைசித் தெருவுக்கு வந்து சேர வேண்டும். அதுவே பரீட்சை.