வீடு வாங்கியாயிற்று, வாழ்வது எப்போது?

2003 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 14 ஆம் நாள், வியாழக்கிழமை. மாலை நான்கு மணி கடந்து பத்து நிமிடமளவில் ரொறன்ரோ மாநகரம் முழுவதும் மின்சாரம் நின்றது. அமெரிக்காவின் ஓகாயோ மாநிலத்தில் உயரழுத்த மின்கம்பிகள் சூடேறித் தொய்ந்து மரக்கிளைகளில் பட்டன. அதனைக் கட்டுப்பாட்டு அறைக்கு அறிவித்திருக்க வேண்டிய கணினி மென்பொருளோ ஒரு வழுவினால் வாய்மூடிக் கிடந்தது. அங்கே தொடங்கிய கோளாறு ஒன்றன்பின் ஒன்றாக மின்நிலையங்களைச் சாய்த்து, ஒன்ராறியோவிலும் அமெரிக்காவின் எட்டு மாநிலங்களிலுமாக ஏறத்தாழ ஐந்து கோடி மக்களை இருளில் ஆழ்த்தியது. சுரங்க ரயில்கள் நின்றன. சந்திகளில் சமிக்ஞை விளக்குகள் அணைந்துபோக, பொதுமக்களே வீதியில் இறங்கி வாகனங்களை வழிப்படுத்தினர். நகர மையத்தில் வேலை செய்தோர் பல மணி நேரம் நடந்து வீடு சேர்ந்தனர்.

அன்றிரவு ஸ்காபரோவின் தமிழ்க் குடும்பங்கள் பல, அதற்கு முன் காணாத ஒரு காட்சியைத் தத்தம் வீட்டு வாசலிலேயே கண்டன. உறைபெட்டியில் இருந்த மீனும் இறைச்சியும் பழுதாகிவிடும் என்று பின்வளவில் கரியடுப்பு மூட்டப்பட்டது. அயல் வீட்டுக்கும் ஒரு தட்டு போயிற்று. உள்ளே புழுக்கம் தாங்காமல் எல்லோரும் வாசற்படியிலும் புற்றரையிலும் வந்தமர்ந்தனர். நகரத்தின் ஒளி மறைந்ததால் வானத்தில் விண்மீன்கள் தெரிந்தன. அந்த மாதம் பூமியை மிக நெருங்கிக்கொண்டிருந்த செவ்வாய்க் கோள் சிவந்த பொட்டாக எழுந்தது. ஆனால் பிள்ளைகளுக்குப் பெரும் புதுமை வேறொன்று. மாலைநேர வேலைக்குப் போயிருக்க வேண்டிய தந்தை, தொழிற்சாலை இயங்காத காரணத்தால், வார நாளொன்றின் இரவு எட்டு மணிக்கு வீட்டில் இருந்தார்.

இருளைக் கண்டு கனடாவில் பிறந்த பிள்ளைகள் திகைத்தனர். பெற்றோருக்கு அது பழகிய இருள். 1990 ஆம் ஆண்டு யூன் மாதம் மீண்டும் போர் மூண்டதன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றி வாழ்ந்தது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் பற்றரியும் சவர்க்காரமும் கிடைத்தற்கரியனவாயின. அந்நாட்களில் மக்களின் கைவண்ணத்தில் பிறந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. வெற்று ஜாம் போத்தலின் அடியில் சிறிது பஞ்சு, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், ஒரு கம்பியில் நிறுத்திய மெல்லிய திரி, அவ்வளவே. போத்தலின் கண்ணாடி காற்றைத் தடுக்கும். சில தேக்கரண்டி எண்ணெய் ஓர் இரவைத் தாங்கும். அந்த ஒளியில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் இன்று ரொறன்ரோவில் கணக்காளர்களாகவும் பொறியியலாளர்களாகவும் இருக்கின்றனர். வானொலி கேட்கத் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து மின்சாரம் எடுத்தனர். செய்தி முடியும்வரை சுழற்றுவது வீட்டுப் பிள்ளைகளின் முறை. பல்கலைக்கழக ஆய்வுகூடம் எதுவும் கற்பிக்காத மின்னியல் பாடம் அது!

இவற்றையெல்லாம் நினைவுகூர்வது அந்த வாழ்க்கையைப் போற்றுவதற்காக அன்று. குண்டுவீச்சுக்கு நடுவே பதுங்குகுழியருகே எரிந்த விளக்கில் இன்பம் தேடுவது, அதனை அனுபவித்தவர்களை அவமதிப்பதாகும். அந்த வறுமையில் எவரும் மகிழ்ந்திருக்கவில்லை. ஆயினும் ஒரு விளக்கே இருந்தமையால் குடும்பம் முழுவதும் அந்த ஒரு விளக்கைச் சுற்றி இருந்தது. ரொறன்ரோவில் அந்த ஓகஸ்ட் இரவில் மெழுகுதிரியைச் சுற்றி அமர்ந்தபோது, பெற்றோர் பல ஆண்டுகளாகச் சொல்லாதிருந்த கதைகள் தாமாகவே வெளிவந்தன. சொல்ல விருப்பமின்றி அவர்கள் அதுவரை சொல்லாமல் இருக்கவில்லை, நேரம் இருந்ததில்லை.

நேரம் எங்கே போயிற்று என்பதைப் பிள்ளைகளும் அறிந்திருத்தல் வேண்டும். 1983 யூலை இனப்படுகொலைக்குப் பின்னர் கனடாவை நோக்கித் தமிழர்கள் பெருமளவில் வந்தனர். 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றிய வரலாறும் இதிற் சேர்ந்ததே. வந்தவர்கள் ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுன் போன்ற அடுக்குமாடிகளில், ஓர் அறையில் பலராகத் தங்கினர். பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை. பயண முகவருக்குக் கொடுத்த கடன், ஊரில் எஞ்சியிருந்த தம்பியை எடுப்பிக்கும் செலவு, தங்கையின் சீதனம், பெற்றோரை அழைக்கும் பொறுப்பு என்று ஒவ்வொரு டொலருக்கும் முன்கூட்டியே ஒரு பெயர் இருந்தது. சீட்டுப் பிடித்து முன்பணம் சேர்த்து ஸ்காபரோவிலும் பின்னர் மார்க்கத்திலும் ஏஜாக்சிலும் வீடு வாங்கினர். அந்த உழைப்பில் குறைகாண எவருக்கும் தகுதியில்லை.

கேள்வி அதற்குப் பிந்தியது. கடன் தீர்ந்தது, தம்பி வந்து சேர்ந்தான், தங்கை திருமணமாகிப் பிள்ளைகளும் பெற்றுவிட்டாள். இரண்டாவது வேலை மட்டும் நிற்கவில்லை. முதல் வீடு சிறியதாயிற்று. பெரிய வீட்டுக்குப் பெரிய கடன். "இந்தக் கடன் முடியட்டும், பிறகு ஆறுதலாக இருப்போம்" என்ற சொல் எத்தனை வீடுகளில் எத்தனை ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகின்றது! கனடிய மத்திய வங்கியின் அடிப்படை வட்டி வீதம் 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 0.25 விழுக்காடாக இருந்து, 2023 யூலைக்குள் 5 விழுக்காடாக உயர்ந்தபோது, மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்த குடும்பங்கள் மேலதிக நேர வேலையைத் தேடி ஓடின. அது தேவை. அதனைக் குற்றம் சொல்ல இயலாது. ஆனால் பூப்புனித நீராட்டு விழாவுக்கு நீண்ட லிமோசினும், ஐந்நூறு பேருக்கு மண்டபமும், முதலாம் பிறந்தநாளுக்கு மேடை அலங்காரமும் எடுத்து, அந்தக் கடனைத் தீர்க்க ஆறு மாதம் சனி ஞாயிறுகளை விற்பது எந்தத் தேவையில் அடங்கும்? விழாவின் நாயகியான பெண்பிள்ளையிடம், மண்டபம் வேண்டுமா, ஆறு மாதத்துச் சனிக்கிழமைகள் அப்பாவோடு வேண்டுமா என்று எவராவது கேட்டதுண்டா?

வீட்டில் கூடியிருக்கும் நேரம் குறைந்தால் முதலில் மெலிவது மொழி. கனடியக் குடிசன மதிப்பீட்டில் தாய்மொழி எது என்பது ஒரு கேள்வி; வீட்டில் பெரும்பாலும் பேசும் மொழி எது என்பது மற்றொரு கேள்வி. இவ்விரண்டையும் அரசு தனித்தனியே கேட்பதற்குக் காரணம் உண்டு. முதலாவது, பிள்ளை எதைப் பெற்றுக்கொண்டது என்பதைக் காட்டும். இரண்டாவது, அது இப்போதும் உயிரோடு இருக்கின்றதா என்பதைக் காட்டும். ஒன்ராறியோ சட்டமன்றம் 2014 இல் சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. 2016 இல் கனடிய நாடாளுமன்றமும் ஏற்றது. பாடசாலைச் சபைகளில் தமிழ் வகுப்புகள் உண்டு. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைக்க இந்தச் சமூகம் 3 மில்லியன் டொலர் திரட்டியது. இவை பெருமைக்குரிய பணிகள். எனினும் "சொதி இன்னும் கொஞ்சம் விடவா?" என்று இரவுணவில் கேட்கப்படும் தமிழுக்கு எந்த இருக்கையும் ஈடாகாது. அதற்கு நன்கொடை திரட்டவும் வழியில்லை. யாராவது ஒருவர் வீட்டிலிருந்து சொதியை விட்டாக வேண்டும்.

இளையோருக்கும் இதில் பங்குண்டு. 2016 குடிசன மதிப்பீட்டின்படி, ரொறன்ரோப் பெருநகரப் பகுதியில் 20 முதல் 34 வயதுக்குட்பட்டோரில் 47.4 விழுக்காட்டினர் பெற்றோருடனேயே வாழ்ந்தனர். வீட்டு விலையும் வாடகையும் அதற்கு முதன்மைக் காரணங்கள். தனியே போக முடியாமையைச் சிறையாக எண்ணிக் கதவைச் சாத்திக்கொள்ளும் இளைஞர்களும் உளர். மேல்மாடியில் மகன் கணினியோடு, நடுத்தளத்தில் தாய் தொலைக்காட்சித் தொடரோடு, பேஸ்மென்டில் அம்மம்மா தனிமையோடு. தந்தை இன்னும் வேலையில். ஒரே கூரையின் கீழ் நான்கு வீடுகள்! இவர்களுள் அம்மம்மாவின் நிலையே மிகக் கடினம். வாகனம் ஓட்டத் தெரியாது; புறநகரில் பேருந்தும் அரிது; குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். பேரப்பிள்ளையை வளர்க்கவென்று ஊரிலிருந்து அழைக்கப்பட்டவர், பிள்ளை வளர்ந்ததும் வேலையிழந்தவராகின்றார்.

2003 இன் இரவு ஒரு விதிவிலக்கு என்று சிலர் கூறலாம். ஆனால் அது திரும்பவும் வந்தது. 2013 டிசெம்பர் 22 அன்று உறைமழையில் மரங்கள் முறிந்து வீழ்ந்து, ரொறன்ரோவில் ஏறத்தாழ மூன்று இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் அற்றுப்போனது. ஸ்காபரோவின் சில தெருக்கள் நத்தார் கழியும்வரை குளிரில் கிடந்தன. மின்சாரம் இருந்த உறவினர் வீடுகளில் மூன்று குடும்பங்கள் ஒரு கூடத்தில் பாய்விரித்துப் படுத்தன. கரியடுப்பை வீட்டுக்குள் மூட்டி நச்சுவாயுவால் மருத்துவமனை சென்றோரும் இருந்தனர் என்பதால், அதனையும் வெறும் இனிய நினைவாகச் சொல்ல இயலாது. பின்னர் 2020 மார்ச் 17 அன்று ஒன்ராறியோவில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. கணினி வேலை செய்தோர் வீட்டோடு இருந்தனர்; முதியோர் இல்லங்களிலும் உணவுத் தொழிற்சாலைகளிலும் பண்டசாலைகளிலும் பணிபுரிந்த தமிழர்கள் அச்சத்தோடு வெளியே சென்றனர். அவர்களில் பலர் வீடு திரும்பியும் பிள்ளைகளை நெருங்காமல் தனியறையில் உண்டனர். கதவுக்கு அப்பால் தட்டு வைக்கப்பட்ட அந்த வாரங்களில், ஒன்றாக அமர்ந்து உண்பது எத்தகைய செல்வம் என்பதை எவரும் எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த மூன்று முறையும் குடும்பங்களைக் கூட்டியதும் பிரித்ததும் வெளியிலிருந்து வந்த இடர்களே. இடர் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் அதே கூடுகை ஏன் இயலாது? சுழல்முறை வேலை செய்வோருக்கு இரவுணவு பொருந்தாது என்பது உண்மையே. அத்தகைய வீட்டில் அது ஞாயிறு காலை உணவாக இருக்கட்டும். அல்லது தந்தை வேலை முடிந்து வரும் நள்ளிரவில் ஒரு கோப்பைத் தேநீராக இருக்கட்டும். கடையில் ஐம்பது இடியப்பம் கட்டி வாங்கினாலும் தவறில்லை. தேங்காய் துருவி, உரலில் இடித்துச் சம்பல் செய்தால்தான் குடும்ப வாழ்வு என்று வாதிடுவோர் பெரும்பாலும் தாம் இடிக்காதவர்களே. சமைத்தவர் தாமும் அமர்ந்து உண்ணுமளவுக்கு வேலை பகிரப்படுகின்றதா என்பதே கவனிக்கத்தக்கது. தாய் நின்று பரிமாற, ஏனையோர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உண்டெழும் மேசையைக் கூடியுண்ணும் மேசை என்று எவ்வாறு கூறுவது?

2003 இல் மின்சாரம் பகுதி பகுதியாக மீண்டது. சில தெருக்களுக்கு விடியுமுன்னரே வந்தது. சிலவற்றுக்கு அடுத்த நாளும் ஆகியது. குளிர்பதனப் பெட்டி உறுமத் தொடங்கியதும் மெழுகுதிரி அணைக்கப்பட்டது. தந்தை அடுத்த வேலைக்கு ஆயத்தமானார். அந்த இரவில் பத்து வயதாயிருந்த பிள்ளைகளுக்கு இன்று முப்பது கடந்துவிட்டது. ஏஜாக்சிலும் பிரம்டனிலும் அவர்களும் வீடு வாங்கியிருக்கின்றனர். அவர்களுக்கும் கடன் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் இப்போதுதான் கதை கேட்கும் வயதை அடைந்திருக்கின்றனர். ஜாம் போத்தலுக்குள் திரியை எப்படி நிறுத்துவது என்று அறிந்த ஒருவர், இன்னும் பல வீடுகளின் கீழ்த்தளத்தில் விழித்தே இருக்கின்றார்.