தோட்டப் பாடசாலைகளும் பொதுப் பணமும்

கண்டி வாவிக்கரையில் நிற்பவருக்குத் தர்மராஜ கல்லூரி, மகாமாயா மகளிர் கல்லூரி ஆகிய பெரிய கலாசாலைகள் அருகே. ஹந்தானை மலைச்சாரல் சற்றுத் தொலைவில். அம்மலைக்கு அப்பால் கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை என்று தேயிலை நிலம் விரிந்து செல்கின்றது. நகரத்துப் பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளையும் ஐந்தாம் வகுப்பில் ஒரே நாளில் ஒரே புலமைப்பரிசில் வினாத்தாளுக்கு விடை எழுதுகின்றனர். வினாத்தாள் ஒன்றே, அதற்கு முன் அவர்கள் பயின்ற ஐந்தாண்டுகளுக்குச் செலவிடப்பட்ட பணமோ ஒன்றன்று. வெற்றி தோல்விகளைப் பற்றிப் பேசுவோர் பலர். இச்செலவுக் கணக்கைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே.

தோட்டத்துப் பிள்ளையின் கல்விக்குப் பணம் கொடுப்பவர் யார் என்ற கேள்வி பழமையானது. 1907 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும், அதனைத் தொடர்ந்த 1920 ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டமும் அப்பொறுப்பைத் தோட்டத் துரைமாரின் தலைமேல் வைத்தன. ஆறு முதல் பத்து வயதுவரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எழுத்தறிவு ஊட்டினாற் போதும் என்பது அன்றைய கருத்து. துரை மனமிரங்கிய தோட்டத்தில் ஓலையோ தகரமோ வேய்ந்த ஒரு கொட்டகை எழுந்தது. மனமிரங்காத தோட்டத்தில் பிரட்டுக்களத்தின் ஒரு மூலையே பள்ளிக்கூடமாயிற்று. ஒரே உபாத்தியாயர் எல்லா வகுப்புக்களையும் கட்டி மேய்த்தார். கொழுந்துக்கு ஆள் குறைந்த நாளில் பிள்ளைகளும் மலைக்குப் போயினர். பிள்ளையின் படிப்பு அது பிறந்த தோட்டத்தின் வருவாயையும் அதன் அதிகாரியின் மனத்தையும் பொறுத்திருந்தது.

கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. நாடு முழுவதும் கொண்டாடியது, கொண்டாடத் தக்கதே. ஆயினும் தோட்டப் பாடசாலை பழைய இடத்திலேயே நின்றது. 1960 இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் அது விடுபட்டது. 1977 ஆம் ஆண்டிலிருந்துதான் அரசு அவற்றைப் படிப்படியாக ஏற்கத் தொடங்கியது. 1945 ஐயும் 1977 ஐயும் பிரிப்பவை முப்பத்திரண்டு ஆண்டுகள். ஒரு தலைமுறைக்கு மேல். அவ்விடைவெளியை நிரப்ப முன்வந்தோர் அரசினர் அல்லர். புசல்லாவையில் சரஸ்வதி வித்தியாலயத்தை நிறுவிய கே. இராஜலிங்கம் போன்ற தன்னலமற்றோரே அதனைச் செய்தனர். அவரை நாம் போற்றுகின்றோம். அரசு செய்யவேண்டியதை ஒரு தனிமனிதர் செய்ய நேர்ந்ததைப் போற்ற இயலவில்லை.

இது நமக்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில், மெக்சிக்க மரபினர் மிகுந்து வாழ்ந்த எட்ஜ்வூட் வட்டாரம் நூறு டொலர்ப் பெறுமதியான சொத்துக்கு 1 டொலர் 5 சதம் வரி விதித்துப் பிள்ளையொன்றுக்கு 26 டொலர் திரட்டியது. செல்வர் வாழும் அலமோ ஹைட்ஸ் வட்டாரமோ 85 சதம் மட்டுமே விதித்து 333 டொலர் திரட்டியது. ஏழை மிகுதியாக வரி கொடுத்துக் குறைவாகப் பெற்றான். பெற்றோர் வழக்காடினர். 1973 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், கல்வி அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமையன்று என்று கூறி அவர்களை வெறுங்கையோடு அனுப்பியது. நாம் அதனைக் கண்டு நகைப்பதற்கில்லை. நம் அரசியலமைப்பின் 27 ஆம் உறுப்புரை எல்லார்க்கும் சமமான கல்வி வாய்ப்பை வாக்களிக்கின்றது. 29 ஆம் உறுப்புரை, அவ்வாக்கை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது என்கின்றது.

இங்கே பிரிவினை வேறு வகையில் நிகழ்கின்றது. 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் வந்தபின் தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழும், ஏனையவை மாகாண சபையின் கீழும் அமைந்தன. தோட்டப் பாடசாலைகளுள் பெரும்பாலானவை மாகாணத்தின் பங்கு. மாகாணமோ கொழும்பின் திறைசேரியை எதிர்பார்த்தே வாழ்கின்றது. பெரிய கலாசாலைக்கு அரசுப் பணத்தோடு பழைய மாணவர் சங்கத்தின் பணமும் பெற்றோரின் பணமும் சேருகின்றன. கொழுந்து பறிக்கும் தாய் எந்தச் சங்கத்துக்கு எதனைக் கொடுப்பாள்? மாகாணங்களுக்கிடையே ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் நோக்கோடு நிதி ஒதுக்கும்படி 154 ர உறுப்புரை நிதி ஆணைக்குழுவுக்குப் பணிக்கின்றது. ஒரே மாகாணத்துக்குள் கண்டி நகரத்துக்கும் தெல்தோட்டைக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வை அளக்கும் கோல் அவ்வுறுப்புரையில் இல்லை.

உள்ளூராட்சியின் கதை இன்னும் வேடிக்கையானது. 1987 ஆம் ஆண்டு 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபை தன் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாய் நின்றது. தோட்டத்து மக்கள் வாக்களித்து உறுப்பினரைத் தெரிவு செய்யலாம். அவ்வுறுப்பினர் பாடசாலைக்குச் செல்லும் பாதைக்கு ஒரு வண்டிக் கல்லும் கொட்ட முடியாது! 2018 இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது. சட்டம் வழிவிட்டமையால் மட்டும் பணம் மலையேறிவிடாது. அதே ஆண்டில் மத்திய மாகாண சபையின் பதவிக்காலமும் முடிவுற்று, நிருவாகம் ஆளுநரின் கைக்குச் சென்றது. மக்கள் கேள்வி கேட்பதற்கு இருந்த ஒரு சபையும் இல்லாதொழிந்தது.

ஆசிரியர் செய்தியிலும் இதே சிக்கனம். 2014 ஐ ஒட்டித் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்கள் நியமிக்கப்பட்டபோது அவர்களுக்கு மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. மிகத் தேர்ந்த ஆசிரியர் தேவைப்படும் இடத்துக்கு மிக மலிவான ஆசிரியரை அனுப்புவது என்ன நியாயமோ, நமக்கு விளங்கவில்லை.

தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கிட்டால் நீதி கிடைத்துவிடும் என்பார் உளர். ஆயிரம் பிள்ளைகள் பயிலும் பாடசாலையும் அறுபது பிள்ளைகள் பயிலும் பாடசாலையும் ஒரே வகையான கூரையின் கீழ் இருக்கவேண்டும். இரண்டுக்கும் குடிநீர் வேண்டும், மலசலகூடம் வேண்டும், ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர் வேண்டும். அறுபது தலைகளின் பங்கு அவற்றுக்குப் போதாது. மலையிலுள்ள சிறிய பாடசாலைக்குத் தலைக்கு அதிகமாகவே கொடுக்க வேண்டும் என்று நாம் கூறுகின்றோம். அதனைச் சலுகை என்று எவரும் பெயரிட வேண்டாம்.

இதற்கு முதற்படியாக, கண்டி மாவட்டத்தின் ஒவ்வோர் ஆரம்பப் பாடசாலையின் பெயருக்கும் எதிரே, சென்ற ஆண்டில் அதற்குச் செலவான தொகையையும் ஆசிரியர் தொகையையும் வலயக் கல்வி அலுவலகங்கள் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடட்டும். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதனைக் கேட்கும் உரிமையை ஒவ்வொரு பிரஜைக்கும் அளித்திருக்கின்றது. தோட்டத்துப் பெற்றோர் சார்பில் அவ்விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்க அங்குள்ள படித்த இளைஞர் சிலர் முன்வருவாராயின், அடுத்த வரவு செலவுத் திட்டத்திற்கு முன்பே பதில் கையில் இருக்கும்.