சைபர் பாதுகாப்புப் படிப்பு நம் பிள்ளைகளுக்கு எதற்கு?

அரசு கலைக் கல்லூரியில் பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்த நம் பிள்ளைகளிடம் அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டால், குரூப் 4-க்குப் படிக்கிறேன் என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. அதில் தப்பில்லை. எம்.எஸ்சி.யில் சைபர் பாதுகாப்பு என்று ஒரு படிப்பு இருக்கிறதே என்று எடுத்துச் சொன்னால், அதெல்லாம் சென்னைப் பசங்க படிக்கிறது என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். சினிமாவில் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடவிடுகிற ஹேக்கரைப் பார்த்து வந்த பயம் இது.

அந்தப் படிப்பின் தொடக்கத்தில் சொல்லித் தருவது மூன்று அடிப்படைகளை. ஒரு தகவல் உரியவர் கண்ணில் மட்டுமே பட வேண்டும். அதை யாரும் திருத்திவிடக் கூடாது. தேவைப்படும் நேரத்தில் அது கையில் கிடைக்க வேண்டும். குறியாக்கம், நெட்வொர்க், தடயவியல் என்று பின்னால் வருகிற பாடங்கள் எல்லாம் இந்த அஸ்திவாரத்தின் மேல் எழுப்பியவைதான். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளில் போர்ட்டல் திறக்காமல் இ-சேவை மையத்தில் மாலை வரை காத்துக் கிடந்த பிள்ளைக்கு மூன்றாவது அடிப்படையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம்மைப் பற்றிய தகவல் எத்தனை இடங்களில் கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் ஜெராக்ஸ் கடைக் கணினியில் இருக்கிறது, கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறது, யாரோ ஒருவருடைய வாட்ஸ்அப்பிலும் இருக்கிறது. ஓ.டி.பி.யை வரிசையில் நின்றபடி சத்தமாக வாசித்துக் காட்டுகிறோம். 2020-ல் ஜார்க்கண்டில் சிறுபான்மை மாணவர்களுக்கான உதவித்தொகையில் நடந்த மோசடியை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே இடைத்தரகர்கள் ஏழைக் குடும்பங்களின் ஆதார் விவரத்தையும் கைரேகையையும் வாங்கி, அவர்கள் பெயரில் வந்த பணத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பள்ளிக்காரர்களும் வங்கி ஊழியர்களும் அதில் கூட்டு என்று செய்தி வெளியாகி, முதல்வர் விசாரணைக்கு உத்தரவிட்டார். வேலைக்குத் தேவையான அளவுக்கு மேல் யாருக்கும் அனுமதி கொடுக்காதே என்று இந்தப் படிப்பில் ஒரு விதி உண்டு. அந்த விதி தெரிந்த ஒருவர் ஊரில் இருந்திருந்தால், ஒரு தரகர் கையில் இத்தனையும் சேர விட்டிருக்க மாட்டார்.

எனக்கு இவற்றில் முக்கியமாகப் படுவது இரண்டாவது அடிப்படை, தகவல் மாறாமல் இருப்பது. வன்கொடுமை வழக்குகளோடு அதற்கு நேரடித் தொடர்பு இருக்கிறது.

சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது தெருவிலிருந்து செல்போனுக்குள் வந்து வெகுநாளாகிவிட்டது. ரீல்ஸில் வருகிறது, ஸ்டேட்டஸில் வருகிறது, ஊர் குரூப்பில் ஆடியோவாக வருகிறது. பாதிக்கப்பட்டவர் நேரில் இல்லாவிட்டாலும் இணையத்தில் போடும் இழிசொல்லுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் சொன்னது. சட்டம் பொருந்தும், சரி. சாட்சி எங்கே? ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். நம்மிடம் மிஞ்சுவது ஒரு ஸ்கிரீன்ஷாட். அது ஜோடித்தது என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு வார்த்தை சொன்னால், நிரூபிக்கும் பாரம் நம் தலையில் விழுகிறது.

மூலச் சாதனத்தையே நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிரூபிக்காதபட்சத்தில், மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாக்கியது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவு அந்தச் சான்றிதழுக்கு ஒரு படிவமே வைத்திருக்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்பது கோப்புக்கு எடுக்கிற கைரேகை மாதிரி. ஒரு மணி நேர வீடியோவில் ஒரே ஒரு புள்ளியை மாற்றினாலும் ஹாஷ் எண் முழுக்க வேறாகிவிடும். படிவத்தின் முதல் பகுதியை ஆவணத்தைத் தாக்கல் செய்பவரும் இரண்டாம் பகுதியை ஒரு நிபுணரும் நிரப்ப வேண்டும்.

அந்த நிபுணர் யார்? நம் பக்கம் நின்று, கட்டணத்துக்குப் பயமுறுத்தாமல், புகார் கொடுத்த அன்றே செல்போனில் எதைத் தொட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று சொல்ல மாவட்டத்துக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்? நம்மில் வழக்கறிஞர்கள் பலர் உருவாகிவிட்டார்கள். அவர்கள் பக்கத்தில் நிற்க சைபர் தடயவியல் படித்தவர்கள் வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைபர் தடயவியலும் தகவல் பாதுகாப்பும் சேர்ந்த எம்.எஸ்சி. இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்கு இக்னோவில் தகவல் பாதுகாப்பு முதுநிலைப் பட்டயம் உண்டு. ஐ.டி. கம்பெனியில் வேலை கிடைத்தால் அதுவும் நல்லதுதான், யார் வேண்டாம் என்கிறார்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 30 நாளில் ஹேக்கர் ஆகலாம் என்று பஸ் நிலையத்தில் நோட்டீஸ் ஒட்டுகிற இடங்களில் வட்டிக்கு வாங்கிய பணத்தைக் கொட்டாதீர்கள். அங்கே சொல்லித் தருகிற மென்பொருளுக்கு இரண்டு வருடத்தில் வயதாகிவிடும். பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது எதிரிக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, சாவி மட்டும் பத்திரமாக இருந்தால் போதும் என்று கெர்க்கோஃப்ஸ் எழுதியது 1883-ல். இன்றும் முதுநிலை வகுப்பில் அதைச் சொல்லித்தான் குறியாக்கத்தைத் தொடங்குகிறார்கள். இங்கிலீஷ் இடிக்கும், உண்மைதான். முதல் இரண்டு மாதம் திணறத்தான் செய்யும். ஸ்வயம் தளத்தில் இருக்கிற இலவசப் பாடங்களைச் சேர்வதற்கு முன்பே பார்த்து வைத்தால், வகுப்பில் காதில் விழும் சொற்கள் புதிதாக இருக்காது.

அரசுக்கும் வேலை இருக்கிறது. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் இணைய வசதியோடு நான்கு கணினியாவது வேண்டும். மாவட்டத் தலைநகர்க் கல்லூரிகளில் இந்த முதுநிலைப் படிப்பைத் தொடங்க வேண்டும். சென்னையில் அறை வாடகை கொடுத்துத்தான் படிக்க முடியும் என்றால் நம் பெண் பிள்ளைகளில் பலர் வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

இனி பணம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுநிலைக்கும் உண்டு. அதில் மத்திய அரசின் பங்கான 60 சதவீதம் மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இந்த உதவித்தொகை கிடையாது. தனியார் கல்லூரியில் இடம் இருக்கிறது, வாருங்கள் என்று போன் வந்தால், எந்த ஒதுக்கீட்டில் இடம் தருகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு பணம் கட்டுங்கள்.