படிவத்தில் இல்லாத துணை

பட்டான்செருவில் உள்ள ஒரு தொழிற்சாலையின் ஊழியர் கையேட்டைத் தமிழில் பெயர்த்துத் தரும் வேலை சில மாதங்களுக்கு முன் எனக்கு வந்தது. அந்நிறுவனத்துக்கு ஓசூரிலும் ஒரு கிளை. விடுப்பு, கான்டீன், பாதுகாப்புக் காலணி என்று தடையின்றி ஓடிய மொழிபெயர்ப்பு, மருத்துவக் காப்பீட்டுப் பக்கத்தில் 'ஸ்பவுஸ்' என்ற சொல்லில் வந்து நின்றது. 'கணவன் அல்லது மனைவி' என்று எழுதுவதா, 'வாழ்க்கைத் துணை' என்று எழுதுவதா? தமிழில் துணைக்கு ஆண், பெண் என்ற பேதம் கிடையாது. மனிதவள அதிகாரியிடம் கேட்டேன். "எதை எழுதினாலும் ஒன்றுதான் மேடம். கல்யாணச் சான்றிதழ் கேட்போம்" என்றார்.

அவர் சொன்னது சட்டப்படி சரி. தன்பாலின உறவு குற்றமல்ல என்று உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. ஆனால் அத்தகைய ஜோடிகளின் திருமணத்தை அங்கீகரிக்க 2023 அக்டோபர் 17ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு மறுத்துவிட்டது. அந்த வழக்கின் முதல் மனுதாரர்களான சுப்ரியோ சக்ரவர்த்தியும் அபய் டாங்கும் ஹைதராபாத்காரர்கள். 2021 டிசம்பரில் உற்றார் உறவினர் சூழ விழா நடத்தித் தங்கள் வாழ்க்கையைத் தொடங்கியவர்கள். தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கோரிய மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின.

மாலையும் மேளமும் பற்றிய விவகாரம் இது என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றலாம். மாதச் சம்பளக்காரருக்கு அதன் பொருள் வேறு. மருத்துவக் காப்பீடு, வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, விபத்து இழப்பீடு இவற்றைச் சலுகைகள் என்கிறோம். உண்மையில் இவை ஊதியத்தின் பகுதிகள். பக்கத்துப் பக்கத்து மேஜையில் ஒரே வேலை செய்யும் இருவரில் ஒருவர் துணையின் அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு பணம் தருகிறது. இன்னொருவர் கடன் வாங்குகிறார் என்றால், இருவருக்கும் சம ஊதியம் என்று சொல்ல முடியாது.

வைப்பு நிதிக்காக 1952ல் வந்த திட்டம் குடும்பம் என்றால் யார் என்று பட்டியலிட்டது. மனைவி அல்லது கணவன், பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர் என்று போகும் அப்பட்டியலில் ஒருவர் இருந்தாலும் அவரைத் தாண்டி வெளியாரை நியமிக்க இயலாது. 1972ம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் இதே வழியில் நடந்தது. 2025 நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் கணவன், மனைவி என்று பிரித்துச் சொல்லாமல் 'ஸ்பவுஸ்' என்ற பொதுச்சொல்லைப் போட்டிருக்கிறது. சொல் மாறியது, சான்றிதழ் மாறவில்லை.

இந்தக் கேள்வியின் கனம் பட்டான்செருவில் இருப்பவர்களுக்குப் புரியும். 2025 ஜூன் 30 அன்று பக்கத்திலுள்ள பாஷமைலாரத்தில் சிகாச்சி மருந்துத் தொழிற்சாலை வெடித்ததில் 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலர் வெளிமாநிலத் தொழிலாளர்கள். கருகிய உடல்களை ரத்த உறவினரின் மரபணுவோடு ஒப்பிட்டு அடையாளம் கண்டார்கள். இழப்பீடு குடும்பங்களுக்கு என்று அறிவிக்கப்பட்டது. அப்படி ஒரு நாளில், இறந்தவரோடு பத்து வருடம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த தன்பாலினத் துணை ஒருவர் மருத்துவமனை வாசலில் நின்றால் அவரை யாரென்று பதிவேட்டில் எழுதுவார்கள்? அறை நண்பர் என்றுதான்.

எதுவுமே அசையவில்லை என்று சொல்வதற்கில்லை. இத்தகைய ஜோடிகள் வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கவும் ஒருவரையொருவர் வாரிசுதாரராக நியமிக்கவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. ரேஷன் அட்டைக்கு அவர்களை ஒரே குடும்பமாகக் கருதலாம் என்று உணவுத் துறையும் மாநிலங்களுக்குச் சொன்னது. குடும்பத்தை உருவாக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. ரேஷன் கடையில் குடும்பமாக நிற்பவர்கள் தொழிற்சாலை வாசலில் அந்நியர்களாகிவிடுகிறார்கள் என்பதுதான் இன்றைய விசித்திரம்.

சட்டம் மாறட்டும் என்று நிர்வாகங்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. டாடா ஸ்டீல் 2019லும் ஆக்சிஸ் வங்கி 2021லும் ஊழியர்கள் தங்கள் துணையைப் பாலின பேதமின்றிப் பதிவு செய்து மருத்துவக் காப்பீடு பெற வழி செய்தன. ஐக்கிய நாடுகள் சபையே 2014 வரை ஊழியரின் சொந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துத்தான் அவருக்குக் குடும்பம் உண்டா இல்லையா என்று முடிவு செய்துவந்தது. பிறகு, திருமணம் நடந்த இடத்தில் அது செல்லுமா என்று மட்டும் பார்ப்பது என்று விதியை மாற்றிக்கொண்டது.

யார் வேண்டுமானாலும் நண்பன் பெயரை எழுதிவிடுவார்களே என்று நிர்வாகிகள் கேட்கலாம். இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழி, ஒரே முகவரிக்கான சான்று, ஆண்டு நடுவில் பெயரை மாற்றத் தடை என்று வைத்தால் அந்தப் பயம் தீரும். உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. படிவத்தை நிரப்புவதே தன்னை வெளிப்படுத்துவதாகிவிடுகிறது. மேற்பார்வையாளர், ஒப்பந்தக்காரர், கணக்கு எழுதுபவர் என்று நாலு கை மாறும் காகிதத்தில் அந்த உண்மையை எழுத யாருக்குத் துணிவு வரும்? ரகசியம் காக்கப்படும் என்ற உறுதி இல்லாத சலுகை காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

இன்னொரு பாகுபாடும் இதில் ஒளிந்திருக்கிறது. கச்சிபௌலியின் கண்ணாடிக் கட்டிடங்களில் இருப்பவருக்குக் கம்பெனி மனம் வைத்தால் தனியார் காப்பீட்டில் இடம் கிடைக்கும். 2017ல் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட வரம்புக்குள் சம்பளம் வாங்கி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையை நம்பியிருப்பவருக்கு எந்த முதலாளியும் அதைச் செய்துதர முடியாது. அதன் பட்டியல் அரசின் கையில் இருக்கிறது. ஆகவே முதலாளிகளின் தாராள மனம் மட்டும் போதாது. அது மேல்தட்டோடு நின்றுவிடும்.

கையேட்டில் கடைசியில் 'வாழ்க்கைத் துணை' என்றே எழுதினேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. இறுதிப் பக்கத்தில், அவசர காலத்தில் யாருக்குத் தகவல் சொல்வது என்று கேட்கும் ஒரு கட்டம் இருந்தது. அதில் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும் போதும். உறவுமுறை கேட்கவில்லை, சான்றிதழும் கேட்கவில்லை. இயந்திரத்தில் கை சிக்கினால் யாரைக் கூப்பிடுவது என்பதை ஊழியரே முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறார்கள். ஓடிவருபவர் யார் என்பதில் அவர் வார்த்தையை நம்பலாம் என்றால், காப்பீட்டுப் பக்கத்திலும் நம்புவதில் என்ன தயக்கம்?