உடைஞ்ச பொம்மைக்கு யார் பொறுப்பு? விருத்தாசலம் பீங்கானும் கூரியர் பஞ்சாயத்தும்

நம்ம பாட்டிங்க சந்தையில பானை வாங்குறதைப் பார்த்திருக்கீங்களா? காசை எடுக்கறதுக்கு முன்னாடி விரலை மடக்கி ஒரு தட்டு தட்டுவாங்க. கணீர்னு சத்தம் வந்தா வாங்குவாங்க. 'டொக்'னு வந்தா, கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கேயோ இருக்குன்னு அர்த்தம். அடுத்த பானைக்குப் போயிடுவாங்க.

நாம இப்போ அந்த வரிசையைத் தலைகீழா மாத்திட்டோம். முதல்ல ஜிபே. மூணு நாலு நாள் கழிச்சு பார்சல். அதுக்கப்புறம்தான் தட்டிப் பார்க்கவே முடியும். அந்த இடைப்பட்ட நாள்ல ஒரு கீறல் விழுந்தா, அது யாரோட கீறல்? வித்தவரோடதா, வாங்கினவரோடதா, நடுவுல தூக்கிட்டு வந்தவரோடதா?

இந்தக் கேள்வி ரொம்பவே உறைக்கிற ஊர், கடலூர் மாவட்டத்துல மணிமுக்தாற்றங்கரையில இருக்கிற விருத்தாசலம். பழமலைநாதர் கோயிலுக்குப் பேர்போன ஊர். பீங்கானுக்கும் பேர்போன ஊர். இங்கே பீங்கானுக்குன்னே ஒரு தொழிற்பேட்டை இருக்கு. பீங்கான் தொழில்நுட்பத்தைப் படிப்பாவே சொல்லித்தர்ற அரசு நிறுவனமும் இருக்கு. பக்கத்துலயே நெய்வேலி. பழுப்பு நிலக்கரி எடுக்கிற அந்த மண்ணுல வெள்ளைக் களிமண்ணும் கிடைக்குது. அகல் விளக்கு, கொலு பொம்மை, ஜாடி, கப், மின்சாரத்துக்கான பீங்கான் ஃப்யூஸ்னு இங்கே தயாராகுற பொருள்கள் வெளி மாநிலங்களுக்கும் போகுது. நவராத்திரியும் கார்த்திகை தீபமும்தான் பெரிய சீசன்.

முன்னாடி இதெல்லாம் மொத்தமா வைக்கோல் வெச்சுக் கட்டி லாரியில போகும். அதுல நாலு பொம்மை உடைஞ்சா, அதுக்குப் பேர் 'உடைசல்'. வியாபாரிகள் ரெண்டு பேரும் பேசி, விலையில கழிச்சுக்குவாங்க. அது ஒரு கணக்கு, அவ்வளவுதான். ஆனா ஒரே ஒரு பெட்டி, ஒரே ஒரு வீட்டுக்கு கூரியர்ல போகும்போது உடைசலுக்குக் கணக்கு கிடையாது. அங்கே அது சண்டை.

ஒரு பெட்டி, மூணு நியாயம்

ஒரு உதாரணம் பார்ப்போம். இன்ஸ்டாகிராம்ல பார்த்து, 1,800 ரூபாய்க்கு ஒரு தசாவதார செட் ஆர்டர் பண்றீங்க. கூரியர் சார்ஜ் 150 ரூபாய். பெட்டியைத் திறந்தா ஒன்பது அவதாரம் பத்திரம், வாமனர் கையில இருந்த குடை மட்டும் தனியா கிடக்குது. நாளைக்குக் கொலு. ஒன்பது பொம்மையை வெச்சு தசாவதாரம் வைக்க முடியுமா? உங்களைப் பொறுத்தவரைக்கும் மொத்த செட்டும் போச்சு.

விற்பனையாளருக்கு மெசேஜ் போடறீங்க. "நாங்க நல்லாதான் பேக் பண்ணோம், கூரியரைக் கேளுங்க"ன்னு பதில் வருது. அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. வேற சூளையில வெந்த வாமனரை அனுப்பினா, நிறம் அப்படியே ஒத்துப்போகும்னு சொல்ல முடியாது. புது செட் அனுப்பணும்னா, லாபம் மட்டுமில்ல, முதலும் போயிடும்.

கூரியர்ல கேட்டா, "பேக்கிங் சரியில்ல. அதோட பீங்கான், கண்ணாடிக்கெல்லாம் நாங்க பொறுப்பில்ல, ரசீதுலயே இருக்கு"ன்னு சொல்வாங்க. அந்த ரசீதை நீங்க பார்த்திருக்கவே மாட்டீங்க. அது இருக்கிறது விற்பனையாளர்கிட்ட.

கடைசியில என்ன ஆகுது? நீங்க கோபத்துல ஒரு ஸ்டார் போடறீங்க. அவர் உங்களை பிளாக் பண்றார். பெட்டி யார் கையில இருந்தப்போ உடைஞ்சதோ, அவங்க இந்தச் சண்டையிலயே இல்ல.

சட்டம் என்ன சொல்லுது?

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம், ரெண்டு காலத்துச் சட்டம் ஒரே பெட்டி மேல உட்கார்ந்திருக்கறது.

1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம், பொருளை உங்களுக்கு அனுப்பறதுக்காக ஒரு சுமப்பவர்கிட்ட ஒப்படைச்சாலே, அது உங்ககிட்ட ஒப்படைச்ச மாதிரின்னு முதல் பார்வைக்கு எடுத்துக்குது. அதே சட்டம், விற்பனையாளர் சரக்கோட தன்மைக்கேத்த நியாயமான ஏற்பாட்டோடதான் அனுப்பணும்னும் சொல்லுது. லாரியும் ரயிலும், ரெண்டு பக்கமும் வியாபாரிகளும் இருந்த காலத்துக்கு எழுதினது அது.

அப்புறம் வந்தது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. அதை ஒட்டி 2020 ஜூலையில மின் வணிக விதிகளும் வந்துச்சு. பொருள் குறையோட வந்தா, திரும்ப எடுத்துக்க மாட்டேன், பணம் தரமாட்டேன்னு ஆன்லைன் விற்பனையாளர் மறுக்கக் கூடாதுன்னு இந்த விதிகள் சொல்லுது. புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துல ஒப்புக்கணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்வு சொல்லணும். பில்லுல காலக்கெடு எதுவும் போடலைன்னா, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள்ள திரும்ப எடுத்துக்க மறுக்கறதை, 2019 சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறைன்னே சொல்லுது.

அதனால 'உடைந்தால் பொறுப்பல்ல', 'அன்பாக்ஸிங் வீடியோ இல்லைன்னா பணம் கிடையாது'ன்னு பயோவுல எழுதி வெச்சா மட்டும் போதாது. வீடியோ இருந்தா உங்களுக்கு நல்ல ஆதாரம். வீடியோ இல்லாததால உரிமையே போச்சுன்னு எந்த விதியிலயும் இல்ல.

இதையெல்லாம் படிச்சுட்டு, "அப்போ விற்பனையாளர் தலையில கட்டிட்டா முடிஞ்சுது"ன்னு தோணும். சட்டப்படி உங்களுக்கு அந்த வழி இருக்கு. ஆனா அந்த விற்பனையாளர் நாலு பேரை வெச்சு வேலை பார்க்கிற ஒரு சின்ன யூனிட்டா இருந்தா, அவர் அந்த நஷ்டத்தை யார்கிட்ட வாங்குவார்?

ரசீதுக்குப் பின்னாடி இருக்கிற பொடி எழுத்து

இங்கேதான் ஒரு பழைய வழக்கைத் தெரிஞ்சுக்கணும். பாரதி நிட்டிங் கம்பெனி 1990-ல ஜெர்மனிக்காரங்களுக்கு அனுப்பின சரக்கு தொடர்பான ஆவணங்களை டிஎச்எல் கூரியர்ல அனுப்பினாங்க. கவர் போய்ச் சேரல. நகல் போய்ச் சேர்றதுக்குள்ள கோடை சீசன் முடிஞ்சுபோக, அந்த ஜெர்மனி நிறுவனம் விலையைக் குறைச்சுட்டாங்க. 4 லட்சத்து 29 ஆயிரம் ரூபாய்க்கு மேல நஷ்டம். மாநில ஆணையம் அந்தத் தொகையைக் கொடுக்கச் சொல்லிச்சு. தேசிய ஆணையம் அதை 100 அமெரிக்க டாலரா குறைச்சுது. 1996 மே மாசம் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செஞ்சுது. காரணம், பொறுப்புக்கு அவ்வளவுதான் வரம்புன்னு கூரியர் ரசீதுலயே எழுதியிருந்தது, அனுப்பினவங்க அதுல கையெழுத்தும் போட்டிருந்தாங்க.

இன்னிக்கும் கூரியர் கவுன்ட்டர்ல நாம யாரும் படிக்காம கையெழுத்துப் போடற அந்தச் சீட்டுக்கு அவ்வளவு பலம். 'ஃப்ராஜைல்' ஸ்டிக்கர் நூறு ஒட்டினாலும் அது ஒரு வேண்டுகோள்தான். ரசீதுதான் ஒப்பந்தம்.

ஆனா பலருக்குத் தெரியாத இன்னொரு சட்டமும் இருக்கு: சாலை வழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007. வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்க்கிற கூரியர் நிறுவனங்களையும் இது 'பொதுச் சுமப்பவர்'னு பெயர் சொல்லியே சேர்க்குது. ரோடு வழியா போன சரக்கு சேதமானா, கூரியர்காரர் கவனக்குறைவா இருந்தார்னு நீங்க நிரூபிக்க வேண்டியதில்ல. இழப்பீட்டு வரம்பு, கட்டின சார்ஜ் மாதிரி 10 மடங்கு. ஆனா நீங்க எழுதிக் கொடுத்த சரக்கு மதிப்பைத் தாண்டாது. அதுக்கு மேல பாதுகாப்பு வேணும்னா, கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டணும்.

நம்ம வாமனர் கணக்குக்கு வருவோம். 150 ரூபாய்க்கு 10 மடங்குன்னா 1,500 ரூபாய். ரசீதுல '100 ரூபாய்தான் தருவோம்'னு இருந்தாலும், இந்தச் சட்டத்தைக் காட்டி வாதாட இடமிருக்கு. ரெண்டு நிபந்தனை: புக்கிங் பண்ணும்போது மதிப்பை எழுதியிருக்கணும், வழக்குக்குப் போகணும்னா, புக்கிங் தேதியிலேருந்து 180 நாளுக்குள்ள எழுத்துபூர்வமா நோட்டீஸ் கொடுத்திருக்கணும்.

தபால் துறை இதுல தனி. 2007 சட்டம் அரசைச் சேர்க்கல. சாதாரண ஸ்பீட் போஸ்ட்ல சேதமானா, கட்டின தொகையில ரெண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், எது குறைவோ அதுங்கறதுதான் நீண்ட நாளா இருந்துவர்ற விதி. அதிக மதிப்புன்னா இன்ஷூர் பண்ணித்தான் அனுப்பணும்.

சின்ன விற்பனையாளருக்கு ஒரு ஓட்டை

வாங்கின நமக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கு. கூரியருக்குக் காசு கட்டின சின்ன உற்பத்தியாளரும் நுகர்வோர்தானே? அங்கே ஒரு சிக்கல். பழைய சட்டத்துல, சுயதொழில் மூலம் பிழைப்புக்காகப் பொருள் வாங்கினாலும், சேவை பெற்றாலும் அது 'வணிக நோக்கம்' ஆகாதுன்னு விளக்கம் இருந்துச்சு. 2019 சட்டத்துல அந்த விளக்கத்துல பொருள் மட்டும்தான் இருக்கு. சேவைங்கற வார்த்தை காணோம். கூரியர் ஒரு சேவை. அதனால "நீங்க வியாபாரத்துக்காக அனுப்பினீங்க, நுகர்வோர் இல்ல"ன்னு கூரியர் தரப்பு எதிர்க்க வழி இருக்கு.

இதோட பேக்கிங்கும் ஒரு செலவு. பீங்கான் பாரத்தைத் தாங்கும், வளைச்சா தாங்காது. அதனால கப்புல பிடி, பொம்மையில விரல், குடைன்னு நீட்டிக்கிட்டிருக்கிற பகுதிதான் முதல்ல போகும். அதுக்குப் பெரிய பெட்டி, சுத்தி நிறைய பஞ்சணைப்பு வேணும். ஆனா பல கூரியர்கள் எடையை மட்டும் பார்க்கறதில்ல. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டர்ல பெருக்கி 5,000-ஆல வகுத்து வர்றதையும் எடையாக் கணக்கு போடறாங்க. 30-க்கு 30-க்கு 30 பெட்டின்னா, உள்ள ரெண்டு கிலோ இருந்தாலும் 5.4 கிலோவுக்குக் காசு. 'ஃப்ரீ டெலிவரி'ன்னு நாம கேட்கக் கேட்க, பெட்டி சின்னதாகுது, பஞ்சணைப்பும் குறையுது.

சரி, என்ன பண்ணலாம்?

என் கதையைச் சொல்லிடறேன். ஒருமுறை ஆன்லைன்ல விளக்கு வாங்கினேன், விளிம்பு உடைஞ்சு வந்துச்சு. போட்டோ எடுத்தேன், ஆனா பெட்டியைக் குப்பையில போட்டுட்டேன். 'வெளிப் பெட்டியோட படம் அனுப்புங்க'ன்னு கேட்டப்போ கொடுக்க எதுவும் இல்ல. காசு போச்சு. அன்னிக்குப் புரிஞ்சது இதுதான்: ரசீது விற்பனையாளர்கிட்ட, உடைஞ்ச துண்டும் பெட்டியும் நம்மகிட்ட. ரெண்டும் சேர்ந்தாத்தான் கூரியர்கிட்ட ஒரு முழு கேஸ் இருக்கு. நாம ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டா, ஆளுக்குப் பாதி ஆதாரத்தை வெச்சுக்கிட்டு நிற்கிறோம்.

அதனால, வாங்குறவங்களுக்கு:

* பெட்டி நசுங்கியிருந்தா, வாங்கும்போதே டெலிவரி சீட்டுல 'சேதத்துடன் பெறப்பட்டது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, இல்லைன்னா வாங்காதீங்க.
* லேபிள் தெரியற மாதிரி ஆரம்பிச்சு, பெட்டியைத் திறந்து முடிக்கிறவரைக்கும் நிறுத்தாம ஒரே வீடியோ எடுங்க. கப்பையும் விளக்கையும் லேசாத் தட்டியும் பாருங்க.
* பிரச்னை முடியறவரைக்கும் பெட்டி, பஞ்சணைப்பு, துண்டு எதையும் தூக்கிப் போடாதீங்க.
* ஸ்டார் போடறதுக்கு முன்னாடி, விற்பனையாளர்கிட்ட புக்கிங் ரசீதோட நகல் கேளுங்க. கூரியருக்கான புகாரை ரெண்டு பேரும் சேர்ந்து, அன்னிக்கே மெயில்ல அனுப்புங்க.
* பதில் இல்லைன்னா 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்க. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க குடியிருக்கிற ஊர்லயே, ரெண்டு வருஷத்துக்குள்ள, இ-ஜாக்ரிதி தளம் வழியா மனு போடலாம். 5 லட்ச ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்ல.

விற்கறவங்களுக்கு: புக்கிங்ல மதிப்பை எழுதாம ஒரு பெட்டியும் அனுப்பாதீங்க. பீங்கானுக்கு ரிஸ்க் எடுத்துக்கறாங்களான்னு முன்கூட்டியே கேளுங்க. மூடறதுக்கு முன்னாடி பெட்டியைக் குலுக்கிப் பாருங்க. சத்தம் கேட்டா இன்னும் பஞ்சணைப்பு வேணும். உடைஞ்சா என்ன செய்வீங்கன்னு ஆர்டர் எடுக்கும்போதே ஒரு வரியில சொல்லிடுங்க.

நம்ம பங்குக்கு ஒண்ணு இருக்கு. 'பேக்கிங்குக்கு 60 ரூபாய் தனி'ன்னு ஒருத்தர் சொன்னா, உடனே அடுத்த கடைக்கு ஸ்க்ரோல் பண்ணிடறோம். அந்த 60 ரூபாய்தான் வாமனரோட குடையைக் காப்பாத்துற காசு. இந்த நவராத்திரிக்கு விருத்தாசலத்துப் பொம்மை ஒண்ணு ஆர்டர் பண்றதா இருந்தா, 'எவ்வளவு தள்ளுபடி?'ன்னு கேட்கறதுக்கு முன்னாடி, 'எப்படிப் பேக் பண்றீங்க, ரசீதுல மதிப்பு எழுதுவீங்களா?'ன்னு கேட்டுப் பாருங்க.